குடம் இறங்கும் வரை

ஓடைக்கு இக்கரையில் மூன்று ஊர், அக்கரையில் இரண்டு ஊர். ஐந்துக்கும் பொதுவாக இக்கரையில் ஒரு புளியமரம் நின்றது. அதன் நிழலில்தான் ஊர்க்கூட்டம் நடக்கும்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஊரிடம் ஒன்றைக் கேட்க வருகிறவர் நிறைகுடத்தைத் தோளில் சுமந்துகொண்டுதான் கேட்க வேண்டும். குடம் தோளில் இருக்கிறவரை எதிரே உட்கார்ந்திருக்கிறவர்கள் பேசக் கூடாது. குடம் இறங்கிவிட்டால் சுமந்தவர் பேசக் கூடாது. அதற்குப் பிறகு ஊர் பேசும். சம்மதம் என்றால் அந்தத் தண்ணீரை ஆளுக்கு ஒரு கை வாங்கிக் குடிப்பார்கள். இல்லையென்றால் மரத்து மூட்டில், வேரடியில், ஊற்றிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். ஊற்றினது ஊற்றினதுதான். அடுத்த மழைக்காலம் போகிறவரை அந்தப் பேச்சை யாரும் திரும்ப எடுக்க முடியாது.

கடுங்கோடையிலும் அந்த மரம் பச்சைப்பசேல் என்று நிற்கும். பின்னே, எத்தனை பேர் ஆசையைக் குடித்து வளர்ந்த மரம்.

அந்த வருஷம் ஆவணிக் கூட்டத்தில் குடம் சுமக்கப் பலவேசம் பெயர் கொடுத்தார். அவர் கேட்கப்போனது பாலம். ஓடைக்குக் குறுக்கே பனைமரங்களைக் கிடத்தி ஒரு பாலம்.

பலவேசத்துக்கு வயசு ஐம்பதுக்கு மேலே. கோயில் கொடைத் திருவிழாக்களில் விடிய விடியக் கதை சொல்லிப் பழகின தொண்டை. மனைவி போன பிறகு ஓடைக்கரை மடத்தில் வந்து சேர்ந்துவிட்டார். மடத்துக்குக் குரு பூரணத்தம்மாள். வயசில் பலவேசத்துக்குத் தங்கச்சி மாதிரி. ஆனாலும் அவர் 'தாயே' என்றுதான் கூப்பிடுவார். அம்மாள் அவரை 'அண்ணாச்சி' என்பார். இரண்டு பேருக்கும் அது சரியாக இருந்தது.

பலவேசத்தின் ஒரே மகள் வெயிலாச்சி அக்கரையில் வாக்கப்பட்டிருந்தாள். தலைப்பிள்ளை. ஐப்பசியில் பேறுகாலம். தாய் இல்லாத பிள்ளைக்கு வந்து படுக்கப் பிறந்த வீடும் கிடையாது, அப்பன் மடத்தில் கிடக்கிறான். மருத்துவச்சி இருப்பது இக்கரையில். ஐப்பசியில் அந்த ஓடை எப்படி ஓடும் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கரையில் நின்று கூப்பிட்டால் எதிர்க்கரைக்குச் சத்தம்கூடப் போகாது.

பாலத்துக்கு வேண்டிய முற்றிய பனையெல்லாம் அணஞ்சபெருமாள் என்பவருடைய கரையில் நின்றது. முன்னே ஒருத்தர் இதே பாலத்தைக் கேட்டுக் குடம் சுமந்தபோது, பெருமாள் காரணம் எதுவும் சொல்லவில்லை. தலையை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டினார். மரம் தண்ணீர் குடித்தது.

இதெல்லாம் தெரிந்துதான் பலவேசம் பெயர் கொடுத்தார். கொடுத்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. பயத்தினால் அல்ல, சந்தோஷத்தினால். ஐந்து ஊர் முன்னால் பேசப்போகிறோம் என்று நினைத்தாலே உள்ளங்கால் கூசியது. விடிந்தால் கிணற்றடியில் குடமும் தோளுமாக நின்றுகொண்டு வாழைமரங்களைப் பார்த்து முழங்குவார். மடத்துப் பசு முதலில் மிரண்டது. பிறகு பழகிவிட்டது.

ஒரு நாள் ஓட்டமாக வந்தார்.

"தாயே, தோள் தயாராயிட்டு."

பூரணத்தம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "தோளா?"

"ஆமா தாயே. முதல்லல்லாம் தண்ணி உண்டான கதையைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள தோள் இத்துப் போகும். இப்ப பாருங்க, தண்ணி உண்டான கதை, தண்ணியை மனுசன் தாண்டின கதை, பாலத்தோட பெருமை, பாலம் போட்டவனுக்குக் கிடைக்கிற புண்ணியம், நீளம் அகலம், எத்தனை பனை, எல்லாம் சொல்லி முடிச்ச பிறவும் தோள் இன்னும் கொண்டாங்குது."

"அவ்வளவும் சொல்லப் போறியளா?"

"இன்னும் ரெண்டு பாட்டு சேர்க்கலாமான்னு யோசிக்கேன்."

"வேற என்ன வச்சிருக்கிய?"

இதைக் கேட்க மாட்டாரா என்றுதான் பலவேசம் காத்துக்கொண்டிருந்தார். கக்கத்திலிருந்த எட்டுமுழ வேட்டியை எடுத்து முற்றத்தில் விரித்தார். கரியாலும் மஞ்சளாலும் படம் படமாக வரைந்திருந்தார். மூங்கில் பாலம், கல்லுப் பாலம், கயிற்றுப் பாலம். ஒரு பாலத்தில் ராஜா யானைமேல் போனார்.

"நான் பேசப் பேச ரெண்டு பேரு இதைப் பிடிச்சுக்கிட்டே நிப்பாங்க."

அம்மாள் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். "ராசாவுக்கு நம்ம ஓடையில என்ன சோலி?"

"ஒரு கம்பீரத்துக்குத்தான்."

"யானை நல்லா வந்திருக்கு."

"அதுக்கு மட்டும் ஒரு பகல் ஆச்சு தாயே."

"இதுல வெயிலாச்சி எங்க நிக்கா?"

பலவேசம் வேட்டியைத் தலைப்பிலிருந்து தலைப்புவரை பார்த்தார். பார்த்தால் இருப்பாளா.

"அவ இதுல இல்ல தாயே. பொதுக்காரியம் கேட்கப் போற இடத்துல சொந்த மகளை இழுத்தா, ஊரு என்ன நினைக்கும்?"

அம்மாள் கீரையை ஒதுக்கி வைத்தார். "சரி, எனக்கு ஒருக்கா பேசிக் காட்டுங்க," என்றார்.

பலவேசம் துள்ளிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்க் குடத்தை நிறைத்துக்கொண்டு வந்தார்.

"அதை இங்க கொண்டாங்க," என்றார் அம்மாள். "நான் வச்சுக்கிடுதேன்."

"தாயே, பேசுறவங்கதான் சுமக்கணும்."

"அது புளியமரத்தடியில. இங்க நான் சுமக்கேன். நீங்க பேசுங்க."

ஒல்லியான உடம்பு. குடத்தைத் தோளில் ஏற்றி ஒரு கையால் அணைத்துக்கொண்டு நின்றார். பலவேசத்துக்கு முதலில் கூச்சமாக இருந்தது. ஆனால் பேச்சு வாயில் வந்துவிட்டதே, விட முடியுமா. தோளில் பாரம் இல்லாதது வேறு புது இறக்கை முளைத்த மாதிரி இருந்தது. தண்ணீர் உண்டான கதையில் இறங்கிவிட்டார். கையை வீசினார். குரலை ஏற்றினார், தாழ்த்தினார்.

மேகம் கடலில் இறங்குகிற இடத்தில் அம்மாளின் நெற்றியில் வேர்வை பூத்திருந்ததைப் பார்த்தார். கொஞ்சம் வேகமாகச் சொன்னார்.

மனுசன் முதல்முதலாக ஆற்றைப் பார்க்கிற இடத்தில் அம்மாளின் முழங்கை ஆடியது. கல்லுப் பாலத்தையும் கயிற்றுப் பாலத்தையும் விட்டார்.

ராஜா யானைமேல் ஏறும்போது குடத்துத் தண்ணீர் தளும்பி அம்மாளின் கழுத்தில் வழிந்தது. கண் மட்டும் பலவேசத்தின் முகத்தைவிட்டு அசையவில்லை.

ராஜாவை அப்படியே யானைமேல் விட்டுவிட்டு, "நமக்கு ஒரு பாலம் வேணும், அவ்வளவுதான், இறக்குங்க தாயே, இறக்குங்க," என்று ஓடிப்போய்க் குடத்தைப் பிடித்துக்கொண்டார்.

அம்மாள் தோளைத் தடவிக்கொண்டார். "பாட்டு வரலையே."

"பாட்டு எங்கே வர? உங்க கை நடுங்குது. எனக்கு வாய் ஓடலை."

"எதையெல்லாம் விட்டிய?"

"ஏறக்குறைய எல்லாத்தையும்."

"கூட்டத்துல குடம் உங்க தோளுலல்லா இருக்கும்?"

"ஆமா."

"உங்க தோளு தாங்கும்."

"தாங்கும்."

"அப்ப, அங்க யாரு முகத்தைப் பார்த்துக் கதையைக் குறைப்பிய?"

பலவேசம் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நான் என்னதான் சொல்ல?"

"எனக்கென்ன தெரியும் அண்ணாச்சி? என்கிட்டப் பனையா இருக்கு?"

பலவேசம் தலையைத் தூக்கினார். "பனை பெருமாள்கிட்டல்லா இருக்கு."

"போய்ட்டு வாங்க. பாலம்ங்கிற சொல்லு வாயில வராம போய்ட்டு வாங்க."

பலவேசம் போனார். படம் போட்ட வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு போனார். மஞ்சள் முழுக்கப் போகவில்லை. இடுப்பில் யானை மங்கலாகத் தெரிந்தது.

அணஞ்சபெருமாள் ஓடைக்கரை வயலில் மண்ணைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன வே பலவேசம், வாழைமரத்துக்கெல்லாம் பேசி முடிச்சாச்சா?"

"சும்மா வந்தேன் வே. இங்க என்ன விதைக்கப் போறீரு?"

பெருமாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பனையைப் பற்றிப் பேச்செடுப்பார் என்று எதிர்பார்த்த முகம். எடுக்கவில்லை என்றதும் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தார்.

"பயறுதான். வேற என்ன இந்த மண்ணுக்கு? மழை விழுந்தா விதைப்பேன்."

"வேலியைக் காணோமே. ஆடு மேயாதா?"

"வேலி எதுக்கு? அந்தா கிடக்கே." பெருமாள் காய்ந்து கிடந்த ஓடையைக் காட்டினார். "ஆடெல்லாம் அக்கரையில. என் பயறு பச்சை பிடிக்கிற காலத்துல ஓடையில தண்ணி வந்திரும். ஒரு ஆடு தாண்டாது. எங்க அப்பா காலத்துல இருந்து இதான் வே வேலி. தண்ணி இறங்குமுன்ன அறுத்து வீட்டுக்குக் கொண்டு போயிருவேன்."

பலவேசத்துக்கு எழுந்து ஓடலாமா என்றிருந்தது. அடக்கிக்கொண்டு அவர் கொடுத்த பதநீரைக் குடித்தார். குடித்த அவசரத்தில் பாதி மூக்கில் ஏறியது.

மடத்துக்கு வந்து சேர்ந்தபோது மூச்சு வாங்கியது.

"தாயே, ஆடு தாயே. அந்த மனுசன் மனசுல கிடக்கிறது பாலம் இல்ல, ஆடு. தண்ணிதான் அவருக்கு வேலி. நான் பாலம் பாலம்னு கத்தினா, அவரு காதுல ஆடு ஆடுன்னுல்லா விழும். இது தெரியாம ராசாவுக்கு யானை வரைஞ்சிருக்கேன்."

"பதநீர் கொடுத்தாரா?"

"கொடுத்தாரு. தாயே, ஆட்டுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியலையே. அதானே கேட்கேன்."

"தெரியலைன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?"

"அஞ்சு ஊருக்கு முன்னாலயா? கதை சொல்லுத பலவேசம் போய்த் தெரியலைன்னு சொல்லவா?"

அம்மாள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

ஆவணிக் கூட்டம் வந்தது. புளியமரத்தடி நிறைந்து கிடந்தது. நடுவில் கூட்டத்துக்குப் பெரியவர் கொம்பையா. ஒரு பக்கம் அணஞ்சபெருமாள், கையைக் கட்டிக்கொண்டு, தலையை ஆட்டத் தயாராக. அக்கரை ஆட்களுக்கு நடுவே மூக்காண்டி, அந்தப் பக்கத்து ஆடுகளில் பாதி அவனுடையது. மருத்துவச்சி பின்வரிசையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். பூரணத்தம்மாள் வரவில்லை.

"பலவேசம் பேசப் போறாரா?" என்று யாரோ கேட்பது கேட்டது. "அப்ப ராச்சோத்தையும் கொண்டு வரச் சொல்லு."

சிரிப்பு எழுந்தது. பலவேசம் குடத்தைத் தோளில் ஏற்றினார். சிரிப்பு நின்றது.

எதிரே உள்ள முகங்களை வரிசையாகப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

"ஐப்பசியில எம்மவ வெயிலாச்சிக்குப் பேறுகாலம். அவ அக்கரையில இருக்கா. மருத்துவச்சி இக்கரையில இருக்கா. நடுவுல ஓடை ஓடும். எனக்குப் பயமா இருக்கு."

வெற்றிலை மென்ற வாய் நின்றது.

"பாலம் போட்டா என் பயம் தீரும். ஆனா பனை பெருமாளோடது. அவரு பயறுக்கு அந்த ஓடைதான் வேலி. பாலம் போட்டா வேலியில வாசல் விழுந்திரும். ஆடு வரும். அதை எப்படித் தடுக்கன்னு எனக்குத் தெரியல. ஊருதான் சொல்லணும்."

கட்டின கையை அணஞ்சபெருமாள் மெல்ல அவிழ்த்தார்.

தோள் கல்லாக நின்றது. தண்ணீர் உண்டான கதை நாக்கு நுனியில் வந்து துள்ளியது. இப்போது எடுத்தால் அருமையாக வரும். பலவேசம் கொம்பையாவைப் பார்த்தார். பெரியவர் முன்னால் சாய்ந்து, வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

பலவேசம் குடத்தை இறக்கி வைத்தார்.

"முடிஞ்சுட்டா?" என்றார் கொம்பையா.

பலவேசம் பேசக் கூடாது. ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"முன்ன இதே பாலத்தைக் கேட்டவன் பேசி முடிக்கையில நான் ஒரு தூக்கம் தூங்கி எந்திரிச்சேன். இவரு என்ன, நான் சம்மணம் போடுமுன்ன முடிச்சிட்டாரு."

மூக்காண்டி எழுந்தான். "பெருமாள் அண்ணாச்சி, ஆட்டுக்காகவா அன்னைக்குத் தலையை ஆட்டினிய? வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா? உன் ஆடு கேட்டுக்கிடுமா?"

"என் ஆட்டை நான் பார்த்துக்கிட மாட்டேனா?"

"நீ பார்த்த லட்சணம் எனக்குத் தெரியாதாக்கும். தை மாசம் என் கத்தரியை மேஞ்சது யாரு ஆடு? ராசா ஆடா?"

பலவேசம் தன்னையறியாமல் இடுப்பு யானையைக் கையால் மறைத்தார்.

"கல்லால ஒரு சுவரு எடுத்துருவோம்," என்றார் கொம்பையா.

சுவர் எடுத்தால் மனுசன் எப்படிப் போவான் என்று பலவேசத்துக்குத் தொண்டைவரை வந்துவிட்டது. துண்டைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டார்.

"சுவரு எடுத்தா நான் ஏறிக் குதிக்கவா? நல்லா சொன்னிய," என்றாள் மருத்துவச்சி. "பாலத்து வாயில ஒரு முள்ளுப் படல் போடுங்க. ஆளு வந்தா திறக்கணும், போனா சாத்தணும். எங்க வீட்டு நாய்க்கு நான் போடலையா?"

"திறந்து போட்டுட்டுப் போனா?" என்றார் பெருமாள்.

"திறந்து போட்டவன் ஆட்டுல ஒண்ணு உங்க தொழுவத்துக்கு," என்றான் மூக்காண்டி. "நான் போட்டா என் ஆட்டையே பிடிங்க. ஊரு முன்னால சொல்லுதேன்."

"கிடாயா, பெட்டையா?"

"நீங்களே பார்த்துப் பிடிங்க."

அப்புறம் பேச்சு காட்டுத்தீ மாதிரி பிடித்துக்கொண்டது. படலுக்கு உடைமரத்து முள்ளா, இலந்தை முள்ளா. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். முள்ளு நான் வெட்டித் தருகிறேன் என்று ஒருத்தர், கட்டுவதற்கு நார் என் வீட்டில் என்று ஒருத்தர். அக்கரை ஆட்கள் கோயிலுக்கு எதிரே பாலம் போட வேண்டும் என்றார்கள். இக்கரை ஆட்கள் சந்தைப் பாதையில் என்றார்கள். இரண்டு இடமும் தப்பு என்று பலவேசத்துக்குத் தெரியும். கிணற்றடியில் எத்தனை தடவை சொன்ன கணக்கு. துண்டு நனைந்துவிட்டது.

"கோயிலுக்கு எதிரேயும் வேண்டாம், சந்தைப் பாதையிலயும் வேண்டாம்," என்று சத்தம் போட்டார் அணஞ்சபெருமாள். "ரெண்டும் இளகின கரை. தண்ணி வந்தா அரிச்சிட்டுப் போயிரும். என் மொட்டைப்பனை நிக்கிற இடத்துல கரை பாறை மாதிரி கிடக்கு. அந்தப் பனையையே தறிச்சா அப்படியே குறுக்கே விழும். தூக்கிச் சுமக்கிற வேலையும் மிச்சம்."

கூட்டம் கப்பென்று அடங்கியது. மனுசன் எப்போது சம்மதித்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. அவருக்கே தெரியவில்லை போல. எல்லோரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டு கொஞ்சம் வெட்கப்பட்டார். பிறகு எழுந்து வந்து குடத்தைத் தூக்கினார்.

தூக்கினவர் நேரே மரத்து மூட்டைப் பார்த்து நடந்தார்.

பலவேசம் துண்டை இன்னும் அழுத்திக் கடித்தார். மருத்துவச்சி எழுந்தே விட்டாள்.

பெருமாள் மூட்டில் போய்க் குடத்தை வைத்தார். வேரில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினார்.

"யாராவது ஊத்துங்க. அங்கன ஒரே வெயிலு."

மூக்காண்டிதான் ஓடிவந்து ஊற்றினான். அதற்குப் பிறகு நெரிசல். குடித்தவர்கள் கொஞ்சம், சிந்தினது அதிகம். கடைசியில் நின்றவர்களுக்கு ஈரக் குடத்தைத் தடவி நாக்கில் வைத்துக்கொள்ளத்தான் கிடைத்தது. அதுவும் கணக்குத்தான் என்று கொம்பையா சொல்லிவிட்டார்.

பலவேசம் மடத்துக்கு நடக்கவில்லை, பறந்தார். தலை, தோள், வேட்டி எல்லாம் நனைந்திருந்தது.

"குடிச்சிட்டாங்க தாயே. பெருமாள்தான் முதல் கை. நாளைக்கே பனை தறிக்காங்க. வெயிலாச்சிக்கு ஆள் போயிருக்கு."

பூரணத்தம்மாள் அவருக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தார். "தலையைத் துவட்டுங்க."

பலவேசம் துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். "தாயே, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லணும். நான் பேசினது நாலு வார்த்தை. அதுல ஏதோ ஒண்ணுதான் அவங்களை அசைச்சிருக்கு. வெயிலாச்சி பேரைச் சொன்னதா? வேலின்னு சொன்னதா? தெரியலைன்னு சொன்னதா? எதுன்னு தெரிஞ்சா அடுத்த தடவை அதையே எடுத்த எடுப்புல வச்சிருவேன்."

"நாளைக்குப் பனை தறிக்கிற இடத்துக்கு எல்லாரும் வருவாங்கல்லா?"

"வருவாங்க."

"ஒவ்வொருத்தரா கேட்டுப் பாருங்க, நேத்து எந்தப் பேச்சைக் கேட்டு மனசு மாறினிய, அப்படின்னு."

"சொல்லுவாங்களா தாயே?"

"சொல்லாம என்ன? அவங்கவங்க பேசினதைத்தான் சொல்லுவாங்க."